துருவும் துப்பாக்கியும்

பழைய துப்பாக்கிக்கு முதல் எதிரி துரு. அதிலும் பூம்புகாரில் கேட்கவே வேண்டாம். ஓர் ஊரையே விழுங்கிய கடல், ஒரு இரும்புக் குழாயைச் சும்மா விடுமா?

அங்கே என் மச்சினர் வீட்டு பீரோவில் ஒரு ரைஃபிள் இருக்கிறது. அவர் அப்பா மிராசுதாராக இருந்தபோது வாங்கியது. வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315. ராணுவத்தின் பழைய 'திரீ நாட் திரீ'க்கு ஒன்றுவிட்ட தம்பி. ராணுவத் தோட்டா பொதுஜனத்துக்குக் கிடையாது என்பதால் வேறு தோட்டா போடுகிற மாதிரி செய்தது.

தேர்தல் சமயத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்புவதைத் தவிர, அது பீரோவைவிட்டு நகர்ந்ததில்லை. ஆனால் அதன் ஜில்லா மட்டும் தஞ்சாவூர், 1991-ல் நாகப்பட்டினம், 2020-ல் மயிலாடுதுறை என்று மாறிக்கொண்டே வந்துவிட்டது!

மச்சினர் பையன் சென்னையில் இன்ஜினீயர். வெளிநாட்டுக்காரர்கள் பழைய ரைஃபிளைப் புதுசாக்குவதை செல்போனில் பார்த்துவிட்டு, உப்புத்தாளும் வார்னிஷுமாக வந்து இறங்கினான்.

"மாமா, கட்டையை இழைச்சு, குழாயை நாலு இஞ்ச் வெட்டிட்டா ஜம்முனு இருக்கும்!"

"இருக்கும்டா, ஜெயில்ல" என்றேன்.

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒரு லைசென்ஸ். ரிப்பேர் பார்க்க வேறு லைசென்ஸ். குழாயைக் குறைப்பது தனிக் குற்றம். தேய்க்கிற தேய்ப்பில் நம்பர் அழிந்தால் அதுவும் குற்றம். 2019 திருத்தத்துக்கு அப்புறம், லைசென்ஸ் இல்லாமல் ரிப்பேர் பார்த்தாலே குறைந்தது 7 வருஷம்.

"அப்ப என்னதான் பண்ணலாம்?"

துடைக்கலாம். உள்ளே தோட்டா இல்லையென்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, கம்பியில் துணி சுற்றி, எண்ணெய் தொட்டுக் குழாயைத் துடைக்கலாம். கட்டைக்கு, கிரிக்கெட் மட்டைக்குப் போடுகிற அதே லின்ஸீட் ஆயில். தோல் உறையில் போட்டு மூடி வைக்கவே கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரர் வேலை.

பையன் முகம் வாடிவிட்டது. மச்சினர் துப்பாக்கியை எடுத்து, கட்டையில் வழவழவென்று தேய்ந்திருந்த ஓர் இடத்தைக் காட்டினார்.

"இது உன் தாத்தா கன்னம் பட்டுப் பட்டுத் தேஞ்சது. இதையா இழைக்கப் போறே?"

அவன் விரலால் தடவிப் பார்த்தான். பேசவில்லை. சாயங்காலம் உப்புத்தாள் ஜன்னல் கதவுக்குப் போனது.

மச்சினருக்கு எழுபது வயசாகிவிட்டது. 2016 விதிகளின்படி வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனு போடலாம்.

"சீக்கிரம் போடுங்க, ஜில்லாவை மறுபடி பிரிக்கிறதுக்குள்ளே!" என்றேன்.