மனைச் சுவரும் ஓவியமும்

உண்ணும் அரிசியைக் கல் நீக்கித் தேர்ந்துகொள்வோரும், உடுக்கும் ஆடையைப் பகலொளியில் விரித்து நோக்கி வாங்குவோரும், தம் இல்லச் சுவரில் தொங்கும் படத்தை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. அது தானே வந்து சேர்கின்றது. நகைக்கடையார் புத்தாண்டில் அளித்த நாட்காட்டி ஒன்று; திருமணத்தின்போது எவரோ பரிசிலாக ஈந்த நீர்வீழ்ச்சிக் காட்சி ஒன்று; முன்பு குடியிருந்தோர் எடுத்துச்செல்ல மறந்த படம் ஒன்று. படத்திற்கென ஆணி அடித்த இல்லங்கள் சில. ஆணி இருக்கின்றதே என்று படம் மாட்டிய இல்லங்கள் பல.

இதனைச் சிறு குறை என்று தள்ளிவிடுதல் இயலாது. படித்த நூலை மூடிவைக்கலாம். கேட்ட இசை சிறிது நேரத்தில் அடங்கிவிடும். சுவரிலுள்ள படமோ, நோக்கவேண்டும் என்ற எண்ணம் இல்லாதபோதும் நோக்கப்படுவது. நோயுற்றுக் கிடப்பவன் அதனையே நோக்குகின்றான். உறக்கம் வாராத முதியவளும் அதனையே நோக்குகின்றாள். குழந்தைகளோ பதினைந்து ஆண்டுகள் அதன்கீழ் வளர்கின்றனர். அத்துணை நீண்ட காலம் கண்ணுக்கு உணவாகும் பொருளை வந்தது வரட்டும் என்று விட்டுவிடுதல் தகுமா?

"ஓவியம் செல்வர்க்கு உரியது, எளியோர்க்கு அது எதற்கு?" என்று வினவுவோர் உளர். பழந்தமிழ் மக்கள் அவ்வாறு கருதவில்லை. புகார் நகரத்து மாடங்களின் வெண்சுதைச் சுவர்களிலே, வானவர் முதலாக எல்லா உயிர்களின் வடிவமும் தீட்டப்பட்டிருந்ததையும், தெருவில் செல்வோர் அவற்றைக் கண்டு மயங்கி நின்றதையும் மணிமேகலை உரைக்கின்றது. வீடு ஒருவனுடையது, காட்சியோ ஊருடையது. திருப்பரங்குன்றத்திலே இருந்த ஓவிய மண்டபத்தைப் பரிபாடல் காட்டுகின்றது. வந்தோர் ஒருவரை ஒருவர், "இவர் யார்? இஃது என்ன கதை?" என வினவுவதும், அறிந்தோர் விரல்சுட்டி விளக்குவதும் அங்கே நிகழ்கின்றன. அங்கே படம் ஒரு பேச்சைத் தொடங்கிவைக்கின்றது. இக்காலத்துக் கூடத்தில் தொங்கும் படத்தைக் காட்டி, "இது யாது?" என்று குழந்தை வினவினால், விடை கூறவல்ல பெற்றோர் எத்துணையர்? பொருள் தெரியாத படத்தை மாட்டுதல், படிக்கத் தெரியாத மொழியில் பெயர்ப்பலகை வைத்ததை ஒக்கும்.

படம் எங்கே இருத்தல் வேண்டும் என்பதற்கும் நம் இலக்கியத்திலேயே சிறந்த சான்று உண்டு. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு மேலே உள்ள விதானத்தில், விண்மீன் குழுவும், திங்களும், திங்களை விட்டு நீங்காத உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. அரசனோ போர்ப்பாசறையில் இருக்கின்றான். தனித்துக் கிடக்கும் தேவி மேலே நோக்குகின்றாள், உரோகிணியைக் காண்கின்றாள், பெருமூச்செறிகின்றாள். அவ்வோவியம் அரண்மனை வாயிலில் இருந்திருப்பின் காவலரும் ஏவலரும் கண்டு வியந்திருப்பர், அவ்வளவே. கட்டிலில் கிடப்பவள் கண் படும் இடத்தில் இருந்தமையால் அன்றோ அஃது அவள் நெஞ்சைத் தொட்டது! ஓவியன் மகிழ்ச்சிக்காக எழுதிய காட்சி பிரிவுக்காலத்தில் துயரைப் பெருக்கியது என்பதும் எண்ணத்தக்கது. விருந்தினர் நோக்கும் சுவர் வேறு. வீட்டார் உண்ணும்போதும் உறங்கும்போதும் நோக்கும் சுவர் வேறு. மக்கள் பலரும் முன்னதற்கே பணத்தையும் கருத்தையும் செலவிடுகின்றனர். விருந்தினர் ஒரு நாழிகை இருந்து போவர். வீட்டார்தாம் வாழ்நாள் முழுதும் அங்கே இருப்பவர்.

அச்சுப்படங்களைப் பற்றி இங்கே சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். முன்னாளில் தெய்வத் திருவுருவத்தை வண்ணத்தில் காண விழைந்தவர், தஞ்சை ஓவியம் போன்றவற்றை வாங்கும் வளமுடையராய் இருத்தல் வேண்டும். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, பொன்னிலை பதித்துச் செய்யும் வேலை அது. கிளிமானூரில் பிறந்த இரவிவர்மர் (1848–1906), 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களைப் பல படிகளாக அச்சிட்டார். அரண்மனைச் சுவரில் இருந்த இலக்குமியும் கலைமகளும் அதன்பின் குடிசைக்கும் வந்தனர். நாடகத் திரைகள் எழுதித் தேர்ந்த கொண்டையராஜு கோவில்பட்டியில் வாழ்ந்து, தெய்வப் படங்கள் பல எழுதினார். அவையும் அவர் மாணாக்கர் எழுதியனவும் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிப் படங்களாகித் தமிழகமெங்கும் பரவின.

கலை ஆராய்வோர் சிலர் இப்படங்களை இகழ்வர். எல்லாத் தெய்வங்களுக்கும் நாடக நடிகரின் முகமே அமைந்துவிட்டது என்பர்; ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த வடிவங்கள் மறைந்து ஒரே அச்சு எங்கும் நிறைந்தது என்பர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அவர்கள் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. 1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் அ. வைத்தியநாதையர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் சென்றார். அதற்கு முன் அம்மக்களுக்கு அக்கோயிலின் கதவு அடைத்தே இருந்தது. கோபுரத்தைத் தெருவிலிருந்து வணங்கியவர்களின் மண்சுவரில், சிறு விலைக்கு வாங்கிய தாளிலே தெய்வம் வந்து நின்றது. அதற்கு முன்னே விளக்கேற்ற எவருடைய ஒப்புதலும் வேண்டப்படவில்லை. அத்தாளை மலிவான கலை என்று மட்டும் மதிப்பிடுதல் முறையன்று.

நாட்காட்டியால் விளையும் தொல்லை வேறு. ஆண்டு முடிந்ததும் தாள்கள் தீர்ந்துவிடுகின்றன. படமோ எஞ்சி நிற்கின்றது. தெய்வ உருவத்தைக் குப்பையில் இட மனம் ஒருப்படுவதில்லை. ஆதலின் பழையதன் மேலேயே புதியதை மாட்டுகின்றனர். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்து ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருந்ததை எஸ். கே. கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். சில இல்லங்களின் ஆணியை ஆராய்ந்தாலும் அத்தகைய கால அடுக்குகளைக் காணலாம்! வேறு சிலர் கண்ணாடி உடைந்த படங்களையும் பழைய நாட்காட்டிகளையும் அரசமரத்தடியில் சார்த்திவிட்டு வருகின்றனர். அவை அங்கே மழையில் நனைந்து, வெயிலில் சுருண்டு, ஆடு மேயும் தாளாகின்றன. கண்ணில் படாத இடத்தில் விட்டுவருதல் மதிப்பாகாது. நல்ல படமாயின் விளம்பரத்தை வெட்டிவிட்டுச் சட்டமிட்டுக்கொள்ளலாம். அன்றேல் தூய இடத்தில் எரித்துச் சாம்பலை மரத்தடி மண்ணில் சேர்க்கலாம். இரண்டும் செய்ய மனமில்லாதவர் வாங்கும்போதே மறுத்துவிடலாமே! கடைக்காரர் கொடுக்கின்றார் என்பதற்காக ஒரே சுவரில் நான்கு முருகர் நிற்க வேண்டுவதில்லை.

முன்னோர் படங்களைப் பற்றிய வழக்கத்திலும் மாற்றம் வேண்டும். நம் இல்லங்களில் ஒருவர் படம் சுவரேறினால் அவர் மறைந்துவிட்டார் என்பதே பொருள். கண்ணாடியின்மேல் குங்குமப் பொட்டும், சட்டத்தில் மாலையும், கீழே சிறு விளக்கும் அமைகின்றன. உயிரோடிருப்பவர் படத்தை மாட்டினால் தீது நேரும் என்று அஞ்சுவோரும் உண்டு. இவ்வச்சத்தால் விளைந்த இழப்பு பெரிது. பல குடும்பங்களில் பாட்டனார் படம் இருக்கும். பாட்டியார் படம் இராது. அவர் மறைந்த அன்று பெட்டிகளைக் குடைந்து தேடுவர். இறுதியில் அடையாள அட்டையில் உள்ள நகத்தளவு முகத்தைப் பெரிதாக்கி மாட்டுவர். வெயிலில் வரிசையில் நின்று களைத்து, அஞ்சிய விழியுடன் எடுக்கப்பட்ட முகம் அது. அதையே பேரன் பேத்தியர் தம் பாட்டியின் முகமாக அறிகின்றனர். அவர் மாவாட்டிக்கொண்டே சிரித்த முகமும், திண்ணையில் கதை சொல்லிய முகமும் எங்கே போயின? இக்காலத்தில் கையடக்கக் கருவியில் ஆயிரம் படங்கள் எடுக்கப்படுகின்றன. கருவி பழுதானால் ஆயிரமும் ஒருங்கே அழிகின்றன. தாயோ பாட்டியோ நலமாக இருக்கும் நாளிலேயே நல்ல படம் ஒன்றைத் தாளில் அச்சிட்டு, மாலையின்றிக் கூடத்தில் மாட்டுதல் வேண்டும். தம் முகத்தைத் தம் வீட்டுச் சுவரில் காணும் உரிமை, தம் உழைப்பால் அவ்வீட்டைத் தாங்கிய பெண்டிர்க்கு இல்லையா?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது பழமொழி. உடல்நலத்திற்குக் கூறும் அம்மொழி, படம் மாட்டுவதற்கு நேர்ப்பொருளிலேயே பொருந்தும். ஐப்பசி கார்த்திகை மழை அறையும் புறச்சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் ஒட்டித் தொங்கும் படத்தின் பின்புறம் பூஞ்சை படரும். இராமபாணப் பூச்சி பசையையும் தாளையும் அரிக்கும். சட்டத்தின் கீழ்மூலைகளில் சிறு மரத்துண்டு ஒவ்வொன்று ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று செல்லும். படமும் கண்ணாடியும் ஒன்றையொன்று தொடாதபடி இடையே அட்டைக் கரை வைத்தல் நன்று. இன்றேல் ஈரத்தில் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அடுக்களைப் புகையும் எண்ணெய்ப் பசையும் செல்லும் வழியில் நல்ல படத்துக்கு இடமில்லை. வெயிலோ எல்லாவற்றினும் கொடிது. கதிரொளி நேரே விழும் சுவரில் அச்சுப்படத்தின் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும், நீலமே எஞ்சும். சில ஆண்டுகளில் கண்ணன் மட்டுமன்றிச் செந்தாமரையாளும் நீலமேனியள் ஆகிவிடுவாள்.

பழைய வீடுகளில், சிறப்பாகச் செட்டிநாட்டு மாளிகைகளில், படங்கள் உத்தரத்தை அடுத்து உயரத்தில் முன்புறம் சாய்ந்து தொங்குவதைக் காணலாம். அது பொருளற்ற வழக்கமன்று. பாயில் அமர்ந்து நிமிர்ந்து நோக்குவோரின் கண்ணுக்குச் சாய்ந்த படமே நேராகத் தோன்றும்; கண்ணாடியில் ஒளி தெறித்துக் கூசுவதும் குறையும். நாற்காலியும் தாழ்ந்த கூரையும் வந்த பின்னரும் அவ்வுயரத்திலேயே மாட்டுவது பொருந்தாது. நின்று நோக்கும் இடமாயின், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருத்தல் போதும். அமர்ந்து நோக்கும் இடமாயின் இன்னும் தாழலாம். தஞ்சை ஓவியத்தைக் குழல்விளக்கின் நேர்க்கீழே மாட்டுவோர் அதன் அழகைத் தாமே கெடுக்கின்றனர். அதன் பொன், அகல்விளக்கின் ஒளியில் மெல்ல மின்னுதற்கென அமைந்தது.

ஒற்றை ஆணியில் கயிறு கட்டி மாட்டுவோர், கயிறு வெளியே தெரியலாகாது என்று அதனை இறுக்கிக் கட்டுகின்றனர். 4 கிலோ எடையுள்ள படத்தின் கயிறு, சட்டத்தின் மேல்விளிம்போடு 60 பாகைக் கோணம் செய்யுமாயின் அதன் ஒவ்வொரு பாதியும் தாங்கும் விசை 2.3 கிலோ அளவே. 30 பாகையாயின் 4 கிலோ. 10 பாகையாக இறுகினால் 11½ கிலோ. இறுக்கமே வலிமை என்று எண்ணிக் கட்டிய கயிறு நள்ளிரவில் அறுந்து வீட்டாரை எழுப்புவதன் காரணம் இதுவே. ஏதோ தீநிமித்தம் என்று அஞ்சுவோர்க்கு இக்கணக்கைக் காட்டலாம்.

சுவர் முழுவதையும் நிரப்பவேண்டும் என்னும் வேட்கையும் விலக்கத்தக்கதே. இரு சொற்களுக்கிடையே வெளி இல்லையேல் எழுத்தைப் படிக்க இயலுமா? ஒரு கூடத்திற்கு இரண்டு படம் மிகுதியாகாது. பத்துப் படம் இருப்பின் எதுவும் கண்ணில் நில்லாது. பொருள் இல்லாதவர் வருந்த வேண்டுவதும் இல்லை. நாள்தோறும் விடியலில் வாயிலில் கோலம் இட்டு, மறுநாள் அதனை அழித்து வேறு இடும் கைகள் உள்ள வீட்டிற்குக் கலை கடைத்தெருவிலிருந்து வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. அக்கோலங்களுள் ஒன்றைத் தாளில் இட்டுச் சட்டத்துள் அமைத்தவர் எவரேனும் உளரா?

இல்லத்தின் ஓவியர் மற்றொருவரும் உண்டு. வெள்ளையடித்த மறுநாளே கரித்துண்டோ வண்ணக்கோலோ எடுத்து, தரையிலிருந்து 2 அடி உயரத்தில் யானையென்றும் வண்டியென்றும் வரைந்துவைக்கும் குழந்தையே அவர். பெரியோர் அடிக்கின்றனர், அழிக்கின்றனர், மீண்டும் வெள்ளையடிக்கின்றனர். பெரியோர் மாட்டிய படமெல்லாம் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருக்க, தன் கண்ணுக்கு எட்டிய இடம் வெறுமையாய் இருப்பதைக் கண்டே அது வரைகின்றது. அவ்விடத்தில் தாள் ஒன்றை ஒட்டிக் கொடுத்து, அது வரைந்ததை அதே 2 அடி உயரத்திலேயே மாட்டிவைத்தால், சுவரும் தப்பும். காண்போர் சற்றே குனிய வேண்டியிருக்கும், அவ்வளவே.