ஆம்ப்ஸ் கூட்டினால் தீராத வியாதி

“செல்ஃப் எடுக்கலையா? அஞ்சு ஆம்ப்ஸைத் தூக்கிட்டு ஒன்பது போட்டுடலாம் சார். அப்புறம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.” சென்னை புதுப்பேட்டையில் தொடங்கி, சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற மெக்கானிக் ஷெட் வரைக்கும் எழுதிக் கொடுக்கப்படும் மருந்துச்சீட்டு இதுதான். இரு சக்கர வண்டிக்கு என்ன நோவு என்று பார்ப்பதற்கு முன்பே பெரிய பேட்டரி என்கிற மருந்து தயாராக இருக்கிறது. வண்டிக்காரர்களும் ஆட்சேபிப்பதில்லை. பெரிசு என்றால் நல்லது என்பதில் நமக்கு எப்போதுமே சந்தேகம் வந்ததில்லை.

இந்த நம்பிக்கை எப்படி ஊன்றியது என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். பெரிய பேட்டரி பூட்டிய அன்றைக்கே பட்டனைத் தொட்டதும் எஞ்சின் உறுமுகிறது. உறுமத்தானே செய்யும்? மூன்று நாலு வருஷம் உழைத்து ஓய்ந்ததைக் கழற்றிவிட்டு, முழுச் சார்ஜ் ஏற்றிய புதியதை வைத்தால், அது பழைய அளவிலேயே இருந்தாலும் அப்படித்தான் எடுக்கும். வேலை செய்தது புதுசு. பெயரைத் தட்டிக்கொண்டு போனது பெரிசு.

பேட்டரி எதையும் உற்பத்தி செய்வதில்லை. எஞ்சினோடு சுழலும் மேக்னட்டும் அதன் காயிலும்தான் மின்சாரத்தை உண்டாக்குகின்றன. அதை டி.சி.யாக மாற்றி 14 வோல்ட்டை ஒட்டி நிறுத்துவது ரெக்டிஃபையரின் வேலை. காயில் தருவது மாறாமல், வண்டி தின்பது குறையாமல், நடுவில் இருப்பதை மட்டும் பெரிதாக்கி என்ன பயன்? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நம் ஆட்கள் காலிச் சட்டியைக் கொடுத்துவிட்டு இன்னும் பெரிய காலிச் சட்டியை வாங்கி வருகிறார்கள்.

செல்ஃப் போட்டுப் போட்டே பேட்டரி தீர்ந்துவிடுகிறது என்பது இன்னொரு புலம்பல். கணக்குப் பார்த்துவிடலாம். செல்ஃப் மோட்டார் 60 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விநாடி அமுக்கினால் செலவாவது 0.033 ஆம்பியர்-மணி. ஐந்து ஆம்ப்ஸ், அதாவது ஐந்து ஆம்பியர்-மணி பேட்டரியில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வண்டி ஓடும்போது உபரியாக 2 ஆம்பியர் கிடைத்தாலே ஒரு நிமிஷத்தில் ஈடாகிவிடும்.

அப்படியானால் தின்பது யார்? பெரும்பாலும் நாம் பூட்டியவைதான். திருட்டு பயத்தில் ஜி.பி.எஸ். கருவி வைக்கிறோம். வண்டி நிற்கும்போதும் அது 20 மில்லி ஆம்பியர் உறிஞ்சினால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை ஆம்பியர்-மணி போய்விடும். பாதி காலியானால் செல்ஃப் தடுமாறும் என்று கொண்டால், நிறுத்தி வைத்த வண்டியில் ஐந்து ஆம்ப்ஸ் பேட்டரி ஐந்து நாளில் கையை விரிக்கும். ஒன்பது ஆம்ப்ஸ் ஒன்பது நாளில். கூடுதல் காசு கொடுத்து வாங்கியது நான்கு நாள் தவணை. ஓட்டத்தில் நிலைமை வேறு, ஆனால் அங்கும் இதே கதைதான். 2017 ஏப்ரல் முதல் வரும் புதிய வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட்டை அணைக்க முடியாது. அதற்கு மேல் இரண்டு இருபது வாட் ஃபாக் லைட்டை மாட்டினால் இன்னொரு 3 ஆம்பியர். சிக்னலுக்குச் சிக்னல் ஐடிலில் நிற்கும் வண்டியின் காயில் இதற்கெல்லாம் ஈடு கொடுக்காது. நாளாவட்டத்தில் பேட்டரி அரைச் சார்ஜிலேயே கிடக்கும். ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும். ஒன்பது ஆம்ப்ஸும் ஒரு நாள் கைவிடும். அப்போது பதினான்குக்கு இடம் தேடுவார்கள்.

இடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வழக்கமான ஐந்து ஆம்ப்ஸ் தண்ணி பேட்டரி 120 மில்லிமீட்டர் நீளம், 60 அகலம், 130 உயரம். ஒன்பது ஆம்ப்ஸ் 135, 75, 139. பெட்டிக்குள் போகாது. ஆகவே பெட்டியின் ஓரத்தை வெட்டுவார்கள், கிளாம்ப்பைத் தூர எறிந்துவிட்டு சைக்கிள் டியூபால் கட்டுவார்கள். பக்கத்தில் தொங்கும் காற்றுக்குழாய் மடிந்து நசுங்கும். அல்லது பிடுங்கிக்கொண்டு, ஆசிட் சொட்டுச் சொட்டாக செயின் மேலும் ஃப்ரேம் மேலும் விழும். பெயின்ட் உரிந்து துரு ஏறிய பிறகுதான் தெரியும். பாசிட்டிவ் முனை சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தகட்டை உரசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெரிய பேட்டரி போட்டால் காயில் எரிந்துவிடும் என்று எதிர்ப்பக்கத்தில் ஒரு பூச்சாண்டி உண்டு. அதுவும் நம்பத் தக்கதல்ல. பல வண்டிகளில் உள்ள ரெக்டிஃபையர் மிஞ்சுகிற மின்சாரத்தை எப்படியும் சூடாக்கித்தான் கழிக்கிறது. பெரிய பேட்டரிக்கு நியாயமான தேவையும் இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியிலேயே மைக் செட் ஓட்டி வியாபாரம் செய்கிறவருக்குச் சேமிப்பு அதிகம் வேண்டும். அவரும் இரவில் தனியாகச் சார்ஜ் போட்டாக வேண்டும்.

மற்றவர்களுக்குத் தேவை ஒரு மல்டிமீட்டர். பேட்டரியின் இரண்டு முனைகளில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். செல்ஃபை அமுக்கும்போது பத்துக்குக் கீழே சரிந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது. சார்ஜ் ஏற்றிய பிறகும் சரிந்தால் ஆயுள் முடிந்தது. பன்னிரண்டை ஒட்டியே நின்று, ‘டக் டக்’ என்று மட்டும் கேட்டால் பேட்டரி மேல் குற்றமில்லை. பெரும்பாலும் ரிலே, எர்த் வயர், பச்சை பூத்த டெர்மினல் இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. உப்புத்தாள் போதும் என்கிற வேலைக்குத்தான் பல சமயம் ஆயிரக்கணக்கில் அழுகிறோம். எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கூட்டினால் 14-ஐத் தொட வேண்டும். தொடாவிட்டால் காயிலையோ ரெக்டிஃபையரையோ பாருங்கள். பதினைந்தைத் தாண்டினால் ரெக்டிஃபையர் போய்விட்டது. புது பேட்டரியையும் அது கொதிக்கவைத்தே கொல்லும்.

இத்தனைக்கும் பத்து நிமிஷம் ஆகாது. அடுத்த முறை “பெரிசா போட்டுடலாம் சார்” என்று யாராவது சொன்னால், முதலில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற கடையில் பர்ஸைத் திறக்காதீர்கள்.