மாமி வீட்டு மான் கொம்பு



நயினாதீவில் என் மாமி வீட்டு முன்வாசலுக்கு மேலே ஒரு மான் கொம்பு மாட்டியிருந்தது. தீவில் மான் ஏது என்று கேட்பீர்கள். மூத்தாப்பா வன்னிப் பக்கம் வியாபாரத்துக்குப் போய்வந்த காலத்தில் வந்ததாம். பெருநாளுக்கு வெள்ளையடிக்கும்போது மாமி அதைக் கழற்றி என்னிடம் தந்தார்.

"கழுவித் தா மகள். ஆனால் அதே இடத்தில் மாட்டிவிடு. கண்ணூறு படாது."

கழுவுவது இலகு. மற்றதுதான் பெரும்பாடு.

மானின் கொம்பு முழுக்க எலும்பு. ஆண் மானுக்கு விழுந்து மறுபடி முளைக்கும். ஆடு, மாட்டுக் கொம்பு அப்படியல்ல. உள்ளே எலும்பு, அதன்மேல் நகம் போன்ற உறை. அது விழாது. ஆகவே இரண்டையும் ஒரே மாதிரிச் சுத்தம் செய்யக்கூடாது.

மான் கொம்பை முதலில் காய்ந்த தூரிகையால் தூசி தட்டுங்கள். பிறகு இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் பள்ளங்களைத் தேயுங்கள். ஊற வைக்கவோ அவிக்கவோ வேண்டாம். தீவுப் பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களில் உவர். அது காய்ந்தால் வெள்ளை படியும். சேமித்த மழைநீர் இருந்தால் நல்லது. வெளுக்கும் தூள் எலும்பை அரிக்கும், அழகான தவிட்டு நிறமும் போய்விடும். நிழலிலேயே உலர்த்துங்கள். கடும் வெயிலில் வெடிக்கும். மினுக்கத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசினால் தூசிதான் ஒட்டும். தச்சர்கள் பாவிக்கும் ஆளிவிதை எண்ணெயில் ஒரு சொட்டுப் போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. நீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.

குர்பான் கிடாயின் கொம்பை வைத்துக்கொள்ள விரும்பினால், வீட்டுக்கு வெளியே ஒரு பாத்திரத்தில் சில நாள் ஊறவிடுங்கள். நாற்றத்துக்குத் தயாராக இருங்கள்! உறை இளகியதும் துணியால் பிடித்து முறுக்கினால் உள்ளெலும்பு கழன்று வரும். அதை விற்கவும் கூடாது, அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுக்கவும் கூடாது. தோலுக்கும் இதே சட்டம். நேர்ச்சைக் குர்பானாக இருந்தால் எல்லாவற்றையும் தர்மமாகவே கொடுத்துவிட வேண்டும்.

நமது ஷாஃபிஈ மத்ஹபில், முறைப்படி அறுக்காமல் செத்த பிராணியின் கொம்பு நஜீஸ். ஹனபி மத்ஹபில் அப்படியில்லை. மூத்தாப்பாவின் கொம்பு எந்த வகை என்பது அவருடனேயே போய்விட்டது. ஈரக்கையோடு தொட்டால் கழுவிக்கொள்வது பேணுதல்.

இன்னொன்று. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் மானைப் பாதுகாக்கிறது. பழைய கொம்பு என்றாலும் விற்கவோ வாங்கவோ போகாதீர்கள். வைத்திருப்பது பற்றி வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கொம்பை உரைத்து நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. நெஞ்சுவலி என்றால் உடனே வைத்தியரிடம் ஓடுங்கள்.

இனி அந்தக் கண்ணூறு. தாயத்துத் தொங்கவிடுவதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கண்டித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். காப்பவன் அல்லாஹ் என்று ஓதும் நாம், வாசலில் எலும்பைக் காவல் வைக்கலாமா? இதைத்தான் மாமியிடம் மெல்லச் சொன்னேன். "அவர் வைத்ததை நீ கழற்றுவதா?" என்று கோபித்தார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, உள்ளறையில் அவருடைய அலுமாரிப் பக்கம் வை. ஞாபகத்துக்குத்தானே" என்றார்.