புத்தகச் சிபார்சு: யார் சொல்லை நம்புவது?

கத்தரிக்காய் வாங்கப் போகிறவன்கூட சொத்தையா என்று புரட்டிப் பார்த்துத்தான் காசை அவிழ்க்கிறான். நாவலோ, வாழ்க்கைச் சரித்திரமோ, படப் புத்தகமோ வாங்கப் போனால் மாத்திரம், யாரோ நல்லது என்றதையும் கெட்டது என்றதையும் அப்படியே ஒப்புக்கொண்டு விடுகிறோம். வயிற்றுக்குப் போவதில் உள்ள எச்சரிக்கை மூளைக்குப் போவதில் வேண்டாமா?

இங்கிலாந்தில் வாட்டர்ஸ்டோன்ஸ் என்னும் பெரிய புத்தகக் கம்பெனி, தன் கடைகளில் எந்தப் புத்தகத்தை முன்னால் வைப்பது என்பதற்குப் பிரசுரகர்த்தர்களிடம் பணம் வாங்கி வந்தது. தனிக்கடை நடத்திப் பழகிய ஜேம்ஸ் டான்ட் என்பவர் 2011-ல் நிர்வாகத்துக்கு வந்துதான் அதை நிறுத்தினார். அதுவரையில் “இதை வாங்கு” என்று சொன்னது புத்தகத்தின் யோக்கியதையா, பிரசுரகர்த்தரின் பணமா?

இனி, சிறு கடைக்காரர்களைப் பாருங்கள். பாரிஸில் 1919-ல் சில்வியா பீச் என்னும் அமெரிக்க அம்மையார் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி என்று ஒரு கடை திறந்தார். ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிஸிஸ் நாவலில் ஒரு பகுதியைப் போட்ட பத்திரிகைக்காரர்களை 1921-ல் நியூயார்க் கோர்ட்டார் ஆபாசக் குற்றத்துக்காகத் தண்டித்தார்கள். மற்றவர்கள் அச்சிட அஞ்சிய அந்நாவலை அம்மையார் 1922-ல் தம் கடையின் பெயரிலேயே வெளியிட்டார். 1933-ல் அதே நியூயார்க்கில் வேறொரு ஜட்ஜ், அது ஆபாசமல்ல என்று தீர்ப்பளித்தார். அப்படியானால் ஆபாசம் இருந்தது புத்தகத்திலா, பார்த்தவர் கண்ணிலா?

இது பழங்கதை என்று நினைக்கவேண்டாம். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்து மக்மின் ஜில்லா கல்வி போர்டார், ஆர்ட் ஸ்பீகல்மனின் மவுஸ் என்னும் புத்தகத்தை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஒருமனதாக நீக்கினார்கள். ஆஷ்விட்ஸ் கொலை முகாமிலிருந்து தப்பிய தம் தகப்பனாரின் கதையை, யூதரை எலியாகவும் ஜெர்மானியரைப் பூனையாகவும் வரைந்து சொன்ன சரித்திரம் அது. 1992-ல் புலிட்சர் விசேஷப் பரிசு பெற்றது. போர்டார் கண்ட குற்றம் சில வசைச்சொற்களும் ஒரு பெண்ணின் நிர்வாணப் படமுமாம்! கொலைகாரரிடம் அகப்பட்டவர் கதையைப் பஜனைப் பாட்டுப் போலவா சொல்லமுடியும்? அம்மாகாணத்து நாக்ஸ்வில் நகரில் ஒரு சித்திரக்கதைக் கடைக்காரர், பொதுஜனங்களிடம் பணம் திரட்டி, மாணவர்களுக்கு அதை இலவசமாகவே கொடுத்தார். தடுத்ததன் பலன், முன்னிலும் அதிகமாக விற்றதுதான்.

அதற்காகச் சிறு கடைக்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கும் வாடகை உண்டு. சொந்த விருப்பு வெறுப்பும் உண்டு. ஆனால் அவர் “படித்துப் பார்” என்கிறார். போர்டார் “படிக்காதே” என்கிறார்கள். முன்னவர் உங்கள் புத்திக்கு வேலை கொடுக்கிறார். பின்னவர் அதற்குப் பூட்டுப் போடுகிறார்கள்.

ஆகவே தோழர்களே! யார் எந்தப் புத்தகத்தைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: “நீர் படித்தீரா? இதில் உமக்கு வருவது என்ன?” இதற்கு நேரான பதில் சொல்லாதவர் பேச்சைத் தள்ளுங்கள். சொன்னவரானாலும், பத்துப் பக்கமாவது நீங்களே புரட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். நான் சொன்னதற்கும் இதுவே விதி.