தம்பிக்கு ஒரு டோக்கன்

அமெரிக்கக் குடியுரிமை கைக்கு வந்ததும் இந்தியர்கள் பலர் செய்யும் காரியம், ஊரில் இருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ மனுப் போடுவது. பாசம், கடமை, 'நீ மட்டும் அங்கே சௌக்கியமாக இருக்கிறாயே' என்ற அம்மாவின் பெருமூச்சு எல்லாம் சேர்ந்து படிவத்தில் கையெழுத்தாகிறது. ரசீது வருகிறது. அதில் உள்ள முன்னுரிமைத் தேதிதான் தம்பியின் டோக்கன். ரேஷன் கடை டோக்கனுக்கு அன்றைக்கே முறை வந்துவிடும். இந்த டோக்கன் அப்படியல்ல. 2025ல் விசா முறை வந்தது 2006ல் மனுப் போட்ட இந்தியர்களுக்கு!

குடும்பம் என்றால் எது என்பதற்கு அமெரிக்கச் சட்டம் ஒரு படிவரிசை வைத்திருக்கிறது. குடிமகனின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத குழந்தைகள், பெற்றோர் ஆகியோருக்கு உச்சவரம்பு கிடையாது. உடன்பிறந்தவர்கள் கடைசிப் படி. உலகம் முழுவதற்கும் சேர்த்து அவர்களுக்கு ஆண்டுக்கு 65,000 விசாக்கள். எந்த ஒரு நாடும் மொத்த ஒதுக்கீட்டில் 7 சதவிகிதத்துக்கு மேல் பெற முடியாது என்ற விதியும் உண்டு. அதனால் மெக்ஸிகோ, பிலிப்பைன்ஸ், இந்தியா போன்ற நாடுகளின் வரிசை மற்றவற்றைவிட நீளம். க்ரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மனுப் போடவே முடியாது.

இந்தக் கதவு திறந்ததே ஒரு தப்புக் கணக்கில். 1946ல் வந்த சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியர்களைத்தான் அனுமதித்தது. இனவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில், திறமையைவிட உறவுக்கு முக்கியத்துவம் தர வேண்டும் என்று வற்புறுத்தியவர் காங்கிரஸ் உறுப்பினர் மைக்கேல் ஃபீகன். ஏற்கெனவே இருப்பவர்களின் சொந்தக்காரர்கள்தானே வருவார்கள், நாட்டின் முகம் மாறாது என்பது அந்தத் தரப்பின் நம்பிக்கை. ஐரோப்பியச் சொந்தங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. ஆசியாவிலிருந்து டாக்டர்களும் எஞ்சினியர்களும் போனார்கள். பின்னாலேயே அவர்களின் அண்ணன் தம்பிகளும் போனார்கள்.

காத்திருப்பின் விலை பெரும்பாலும் பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது. அக்கா 2006ல் மனுப் போட்டபோது தம்பி மகளுக்கு 6 வயது என்று வைத்துக்கொள்வோம். 2025ல் முறை வரும்போது அவளுக்கு 25. மணமாகாத, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்தான் பெற்றோருடன் போகலாம். 2002ல் வந்த ஒரு சட்டம் சிறு சலுகை தருகிறது. மனு அலுவலகத்தில் பரிசீலனையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வரிசையில் நின்ற காலத்தைக் கழிக்க முடியாது. அதிகாரிகள் மூன்றாண்டில் வேலையை முடித்திருந்தால் மகளின் 'வயது' 22, அவள் இங்கேயே. ஐந்தாண்டு இழுத்தடித்திருந்தால் 20, விமானம் ஏறலாம். அரசு அலுவலகத்தின் சோம்பல் ஒரு குடும்பத்துக்கு வரமாவது உலகத்தில் அபூர்வம்.

வேறு ஆபத்துகளும் உண்டு. மனுப் போட்ட அக்கா இடையில் காலமானால் பொதுவாக மனுவும் அவரோடு முடிந்துவிடும். சுற்றுலா விசா படிவத்தில் 'உங்களுக்காக யாராவது குடியேற்ற மனுப் போட்டிருக்கிறார்களா?' என்ற கேள்வி இருக்கிறது. ஆமாம் என்றால், இவர் திரும்பி வருவாரா என்ற சந்தேகம் அதிகாரிக்கு எழலாம். அக்காவின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போவதே சிக்கலாகிவிடும்.

உடன்பிறந்தோர் பிரிவையே எடுத்துவிடும் மசோதா 2013ல் செனட்டில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபை அதைத் தொடவில்லை. அதனால் டோக்கன் செல்லும். பீரோவில் பத்திரமாக இருக்கட்டும். ஆனால் அதை நம்பி மகளின் படிப்பையோ கல்யாணத்தையோ வேலையையோ தள்ளிப்போடுவது விவேகமல்ல.

அக்காவையும் தம்பியையும் சேர்த்துவைக்கும் சட்டம் அப்பாவையும் மகளையும் பிரிக்கிறது. இதற்கும் பரிகாரம் இருக்கிறது. க்ரீன் கார்டு வாங்கிய தம்பி, மணமாகாத மகளுக்காக ஒரு மனுப் போடலாம். அவளுக்கும் ஒரு ரசீது வரும், அதில் ஒரு தேதி இருக்கும்.