‘இல்லை’ என்று எழுதும் முன்

அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து பொலிஸ், சுங்கம், விமான நிலையம் என்று விண்ணப்பிக்கும் பிள்ளைகள் படிவத்தைத் தனியாக நிரப்புவது அபூர்வம். கொமியுனிகேஷன் கடையில் ஒருவர் தட்டச்சு செய்வார், சமாதான நீதவான் கையொப்பமிடுவார், கிராம உத்தியோகத்தர் நற்சான்றிதழ் தருவார். ‘எப்போதாவது கைதுசெய்யப்பட்டீரா?’ என்ற கட்டத்தில், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ‘இல்லை’ விழுந்துவிடும். பழைய வழக்கு சிறியதாக இருந்தாலும், இந்தப் பதில் பொய்யென்று தெரியவரும்போது விவகாரம் பெரிதாகிவிடுகிறது.

இதற்கு இந்தியாவில் ஓர் உதாரணம் உண்டு. டெல்லி பொலிஸில் எழுத்துப்பணித் தலைமைக் கான்ஸ்டபிள் வேலைக்கு 1999இல் விண்ணப்பித்த சந்தீப் குமார், வழக்கு உண்டா என்ற கேள்விக்கு இல்லையென்றே எழுதினார். தேர்வாகி, 2001 ஏப்ரலில் இரண்டாவது படிவத்தை நிரப்பியபோது உண்மையைத் தாமே எழுதினார்: குடும்பத்தாரோடு தாமும் சிக்கிய அடிதடி வழக்கு, சமரசம், 1998 ஜனவரியில் விடுதலை. அவருடைய தெரிவு ரத்தானது. 2011 மார்ச்சில், இந்திய உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சம்பவம் நடந்தபோது அவருக்கு இருபது வயதளவில்தான் இருக்கும் என்று கருதிய நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, ரொட்டி திருடியதால் வாழ்நாள் முழுக்க முத்திரை குத்தப்பட்ட ஜான் வால்ஜான் என்ற நாவல் பாத்திரத்தை நினைவுபடுத்தினார்.

மனத்துக்கு இதமான தீர்ப்பு. ஆனால் இதை மட்டும் காட்டி ஒரு பிள்ளைக்குத் தைரியம் சொல்வது ஆபத்து.

2016 ஜூலையில் அவ்தார் சிங் வழக்கில் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் முந்திய தீர்ப்புகளையெல்லாம் அலசி நெறிகளை வகுத்தார்கள். இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பாரதூரமானதை மறைத்திருந்தால் நியமனத்தை ரத்துச் செய்யலாம். உண்மையைச் சொன்னவருக்குக்கூட வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. படிவம் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட்டதற்காக எவரையும் பொய்யர் ஆக்கவும் முடியாது. 2017 முதல் அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதிக்குப் பயன்படும் 13 நெறிகளும் இதே தடத்தில்தான் செல்கின்றன: அதிகாரி கண்டுபிடித்துக் கேட்குமுன் தவறான பதிலைத் தானாகத் திருத்தியவருக்கு அது சாதகமாகக் கொள்ளப்படும்.

இந்தத் தீர்ப்புகளும் நெறிகளும் இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆனால் சிக்கல் இங்கும் அதேதான். அது நீதிமன்றத்திலேயே தொடங்குகிறது. கசிப்பு வழக்கிலோ கைகலப்பிலோ பிடிபட்டவனிடம், ஒரு நாள் சம்பளம் போகாமல் இருக்க, “ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிட்டு வந்துரு” என்கிறார்கள். அவனும் கட்டுகிறான். அது குற்றத்தீர்ப்பு என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு, குற்றத்தீர்ப்புக்குப் போகாமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்க நீதவானுக்கு இடம் தருகிறது. முதல் தடவை நிற்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்காக அந்தப் பிரிவைக் கேட்டுப் பார்க்காத சட்டத்தரணி, தம் கடமையில் பாதியைத்தான் செய்திருக்கிறார்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு, குற்றச்சாட்டே இல்லாமல் விடப்பட்டவர்களின் நிலை இன்னும் கொடியது. கைதானீரா என்றால் ‘ஆம்’, குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டீரா என்றால் ‘இல்லை’. இரண்டும் உண்மை. பயத்தில் இரண்டுக்கும் ‘இல்லை’ என்று எழுதுபவர், செய்யாத குற்றத்துக்கு அடுத்தபடியாக ஒரு பொய்யையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

ஆகவே கையொப்பமிடும் எவரும் முதலில் கதவைச் சாத்திவிட்டு, பெற்றோர் பக்கத்தில் இல்லாமல், பிள்ளையிடம் நேரே கேட்கவேண்டும். வழக்கு இருந்தால் நீதிமன்றப் பதிவின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்து, இலக்கம், திகதி, முடிவு மூன்றையும் படிவத்தில் அப்படியே எழுதவேண்டும். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரியும் சம்பவத்தின் தன்மை, அப்போதைய வயது, அதன்பின் கழிந்த காலம் ஆகியவற்றைப் பார்த்து, நிராகரிக்குமுன் ஒரு தடவையாவது எழுத்தில் விளக்கம் கேட்கவேண்டும்.