சக்கை யாருக்குச் சொந்தம்?

பழனி மலையடிவாரத்திலே பஞ்சாமிர்தம் மணக்காத தெரு உண்டா? வாழையும் சர்க்கரையும் கலந்த சுவையை நாடே அறியும். ஆனால் தாரை வெட்டிய பிறகு வாழைமரம் என்ன ஆகிறது? சாற்றைப் பிழிந்த பிறகு கரும்புச் சக்கை என்ன ஆகிறது? மரம் வரப்போரம் அழுகுகிறது. சக்கை ஆலைக் கொதிகலனில் எரிகிறது.

பிரெஞ்சு நாட்டு ரசாயன அறிஞர் பிராகொன்னோ, 1819லேயே கந்தல் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். மந்திரமல்ல, தோழர்களே! கந்தலும் சக்கையும் வாழைநாரும் செல்லுலோஸ் நிறைந்தவை. செல்லுலோஸ் என்பதோ சர்க்கரை மணிகளைக் கோத்த சங்கிலி. சங்கிலியை அறுத்தால் சர்க்கரை!

இன்று செய்வதென்ன? சக்கையைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால், நாரைப் பிணைத்திருக்கும் லிக்னின் கழன்றுவிடும். வெளுத்தெடுத்த நாரை, நூற்றுக்கு 64 பங்கு செறிவுள்ள கந்தக அமிலத்தில், 45 டிகிரிச் சூட்டில், ஒரு மணி நேரம் போல வைக்கிறார்கள். தளர்ந்த பகுதி கரைந்து சர்க்கரையாகிறது. இறுகிய பகுதி எதிர்த்து நிற்கிறது. எதிர்த்து நிற்பதுதான் நானோ செல்லுலோஸ்! ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால், அதில் ஐந்து முதல் இருபது கூறுதான் அதன் தடிமன். காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வலுவூட்ட வல்லது. மும்பையிலுள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், 2015லேயே இதற்கு மாதிரி ஆலை கண்டது.

சக்கையைக் காகிதமாக்கும் கரூர் காகிதபுரத்தைக் கண்ட நமக்கு இது எட்டாத வித்தையல்ல. நாம் கேட்பது வேறு: இலாபம் யாருக்கு?

ஒரு டன் கரும்பில் ஏறத்தாழ 300 கிலோ ஈரச் சக்கை. 2012இல் ரங்கராஜன் குழு, சர்க்கரையோடு சக்கை, கழிவுப்பாகு, ஆலைமண் ஆகியவற்றின் வருவாயையும் சேர்த்து நூற்றுக்கு 70 பங்கு உழவனுக்கு என்றது. நல்லது. ஆனால் சக்கை சக்கையாக இருக்கும் வரைதான் அந்தக் கணக்கு! அதிலிருந்து பிறக்கும் புதுப்பொருளின் விலை கணக்கில் வராது. அடுப்பு விறகின் விலைக்கு மதிப்பிட்டு, அருமருந்தின் விலைக்கு விற்கலாம். இந்த ஓட்டையை, ஆலைக்கு அடிக்கல் நாட்டும் முன்பே அடைக்க வேண்டுமென்கிறோம்.

வாழைமரத்திலோ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தண்ணீருக்கு லாரி வாடகை கொடுத்து மும்பைக்கு அனுப்புவார் உண்டோ? ஆகவே ஆலை வயலருகில்தான் அமைய வேண்டும். பழனி–உடுமலைச் சாலையிலே அமராவதிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைக் கண்டவர்கள் நம் உழவர்கள். கூட்டுறவு அவர்களுக்குப் புதிதல்ல.

அமிலம் விளையாட்டுமல்ல. திண்டுக்கல் கிணறுகளைக் கேளுங்கள். தோல் பதனிடும் கழிவு அவற்றை என்ன செய்ததென்று சொல்லும்! பயன்படுத்திய அமிலத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லாத ஆலைக்கு உரிமம் தரலாகாது. அமிலத் தொட்டியருகே நிற்கப்போகும் தொழிலாளியின் கையுறையும் முகக்கவசமும், முதலாளியின் தயவில் அல்ல, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.